ஏழால் பெருக்காத எண்

வறுத்த கச்சான் கடலை வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் 142857 என்ற எண்தான் ஞாபகம் வரும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் அம்மா வாங்கித் தந்த கச்சான் சுருளைப் பிரித்தபோது, அந்தப் பழைய பேப்பர்த் துண்டில் இந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார் என்று இருந்தது. அதற்குக் கீழே கிழிந்துபோயிருந்தது. மணலில் விரலால் பெருக்கினேன். 285714. மூன்றால் பெருக்க, 428571. அதே ஆறு இலக்கங்களும், கோவிலைச் சுற்றி வருகிற சனம் மாதிரி, முன்னுக்கு நின்றது பின்னுக்குப் போய், வரிசை மட்டும் குலையாமல் வந்துகொண்டிருந்தன. நாலு, ஐந்து, ஆறு எல்லாம் அப்படியே. ஏழுக்குத்தான் நான் போகவில்லை.

எங்கள் வீட்டுக்கு அப்போது ஏழரைச் சனி என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். தேங்காய் எண்ணும்போதுகூட அம்மா ஏழு என்று வாய் திறக்கமாட்டா, "ஆறும் ஒண்டும்" என்பா. நானோ சும்மாவே பயந்து சாகிற பிள்ளை. பள்ளிக்கூடக் கணக்கில் ஏழு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன், ஆனால் என்னுடைய எண்ணில் அதைத் தொட மனம் வரவில்லை. அதனால் வகுப்பில் பக்கத்தில் இருக்கிற சுகந்தியிடம் கொடுத்தேன். என் ஒரே கூட்டாளி, கெட்டிக்காரி. அடுத்த நாள் கேட்டபோது, "பாத்தனான், அதுவும் சுத்தித்தான் வருது. நீ பயப்பிடாதை" என்றாள்.

அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் கணிதப் போட்டி. வலயப் போட்டிக்குத் தெரிவானால் படிக்கட்டும், இல்லாட்டில் பள்ளிக்கூடத்தாலை நிக்கட்டும், காமென்ற்சிலை தைக்க ஆள் எடுக்கிறாங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். போட்டியன்று, எங்கள் வகுப்பு நடந்த தறப்பாள் கொட்டிலில், கரும்பலகை நிறைய ஆறுவரைக்கும் பெருக்கிக் காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஏழும் இப்படித்தான் வரும் என்று நானாகவே சொன்னேன்.

சுகந்தி எழும்பினாள். "சேர், அவாவை ஏழாலை பெருக்கிக் காட்டச் சொல்லுங்கோ."

ஒருநாளும் என்னை அவள் பேர் சொல்லாமல் 'அவா' என்றதில்லை.

பெருக்கினேன். 999999. வகுப்பே சிரித்தது. பின்வாங்கிலிருந்து ஒருத்தன் "ஆறும் ஒண்டும், ஆறும் ஒண்டும்" என்று இழுத்தான்; எங்கள் வீட்டுக் கதை அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பிறகு சுகந்தி வந்து ஒன்றை ஏழால் வகுத்து, புள்ளிக்குப் பின்னால் 142857 முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதை வடிவாக விளக்கினாள். "ஏழுதான் சேர் இதைப் பெத்த தாய்" என்றாள். எத்தனை நாள் பாடமாக்கினாளோ.

வலயத்துக்கு அவள் போனாள். நான் காமென்ற்சுக்குப் போனேன்.

அந்தக் கொட்டில் நின்ற இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். சுகந்தி புதுக்குடியிருப்பில் கணித ரீச்சர், என் மகளுக்கும் அவளிடம்தான் ரியூசன். போன கிழமை மகளை ஏற்றப் போன இடத்தில், இத்தனை வருசமும் உள்ளுக்குள் அரித்ததைக் கேட்டேவிட்டேன். "ஏன் அண்டைக்கு ஏழும் சரியெண்டு சொன்னனீங்கள்?" நீங்கள் என்றுதான் இப்போது வாயில் வருகிறது.

கொஞ்ச நேரம் யோசித்தாள். நடிப்பில்லை, உண்மையாகவே யோசித்தாள்.

"எந்த ஏழு?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள்.

கோவிக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவளும் இல்லை.