குழி தெரியாத காடு

பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் கணக்கெடுக்கப் போனபோது எனக்கு வழிகாட்ட வந்தவர் ஒரு காணிப் பழங்குடிப் பெண். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, இடுப்பில் செருகிய கத்தி, கையில் கிழங்கு தோண்டும் இரும்புக் கம்பி. தோண்டுவதால் காட்டுக்கு எவ்வளவு சேதம் என்று வனத்துறைக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை.

வழியில் பேச்சை நிறுத்தாமலே ஒரு காட்டுக் கிழங்கைத் தோண்டி எடுத்தார். கொடியோடு ஒட்டிய தலையை மட்டும் நறுக்கி மறுபடி முளைக்கும்படி குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்து, மேலே சருகையும் இழுத்துப் போட்டார். நாலடி தள்ளி நின்றால் தோண்டிய இடம் தெரியவில்லை. அன்று முழுக்க வேறு ஒரு குழிகூட என் கண்ணில் படவில்லை.

அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, 'இங்கே யாரும் தோண்டுவதில்லை' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அந்த வரிய வெட்டும் சாரே. எங்க அம்மையும் நானும் இஞ்ச தோண்டித் தின்னுதான் வளந்தோம்."

"தோண்டுறதா எழுதினா தடுத்துருவாங்களே அக்கா?"

"தடுத்தா சண்ட போடலாம். யாரும் தோண்டலன்னு எழுதினா, நாங்க இஞ்ச இருந்ததே இல்லன்னுல்லா ஆயிரும்?"

திருத்தி எழுதினேன். அந்த வரி எங்கே என்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நடந்தார்.

இப்போதெல்லாம் காட்டில் குழியே இல்லாத இடத்தைக் கண்டால்தான் நின்று, இது யாருடைய இடம் என்று கேட்கிறேன்.