கந்தகனோடு சண்டை

“இந்தா வந்துட்டாரு பாத்தீகளா, நைலான் துணியக் கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள,” என்றபடி பக்கத்தைப் புரட்டுகிறார் யோகேஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் அவருக்குப் பழைய ‘கந்தகன்’ காமிக்ஸ் வேண்டும். கந்தகன் பட்டாசு விபத்தில் சக்தி பெற்ற சூப்பர் ஹீரோ. நெருப்பை விழுங்குவான். முதுகில் பளபளவென்று ஒரு துணி பறக்க வானத்தில் போவான்.

யோகேஸ்வரிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. நைலான், பாலியஸ்டர் உரசினால் பொறி கிளம்பும் என்பதால், பருத்தி தவிர வேறெதையும் உடுத்திக்கொண்டு அவரைத் தாண்டி யாரும் மருந்து அறைக்குள் போய்விட முடியாது. சூப்பர்வைசரின் பாலியஸ்டர் சட்டையையே ஒருநாள் மாற்ற வைத்தவர், கந்தகனையா விடுவார்? “வாசல மறிச்சிக்கிட்டு வசனம் பேசுதான். மத்தவுக எங்கிட்டு ஓடுவாக?”

இவ்வளவு திட்டுகிறவர் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் ஒருநாள் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றபின் எழுத்து மறக்காமல் காப்பாற்றியது கந்தகன்தானாம். அக்கா மாரிச்செல்வியும் அவரும் ஒரே புத்தகத்தில் தலைமுட்டப் படித்திருக்கிறார்கள். குண்டு முதலாளியைக் கந்தகன் ஒற்றை விரலால் தூக்கும் பக்கம் வந்தால் இன்றும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

ஒரு பக்கத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். தீயை விழுங்கிய கந்தகன், வெளியே ஓடிவந்த பெண்களிடம், ‘அஞ்சாதீர்கள், வேலைக்குத் திரும்புங்கள்’ என்கிறான். அவர்கள் வரிசையாகத் திரும்புகிறார்கள். ஒருத்திக்கும் முகம் வரையவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே கம்பெனியில் இருந்த காலத்தில், ஒருநாள் புகையைக் கண்டு ஓடிவந்தவர்களை, ஆர்டர் நிற்கிறது என்று சொல்லிக் கம்பெனிக்காரர்கள் மறுபடி உள்ளே அனுப்பினார்கள். “‘கந்தகனே சொல்லிட்டான், வாடி’ன்னு சிரிச்சுக்கிட்டே போனா எங்கக்கா. நான் போவல.” மாரிச்செல்வி திரும்பி வரவில்லை.

இப்போது திருத்தங்கலில் ஒரு பதிப்பகம் கந்தகனை மறுபடி அச்சிடுகிறது. அந்தப் பக்கம் வருகிற இதழ் மட்டும் எங்கும் கிடைக்காமல், கடைசியில் யோகேஸ்வரி வீட்டு வாசலுக்கு வந்தார் பதிப்பாளர் ஸ்ரீராம்குமார். நானும் இருந்தேன். புத்தகத்தைத் தாராளமாகத் தருவதாகவும், அந்த வசனம் மட்டும் வரக் கூடாது என்றும் யோகேஸ்வரி சொன்னார். பழையதை உள்ளது உள்ளபடி போடுவதுதான் முறை, ஒரு வரியை மாற்றினாலும் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஸ்ரீராம்குமார் பணிவாக விளக்கினார். நல்ல பிள்ளைதான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

“கம்பெனிக்குப் போற பிள்ளைகளும் படிக்கும், தம்பி. ‘ஓடுங்க’ன்னு போடுங்க. முடியாதுன்னா விட்ருங்க.”

வசனத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போதைக்குப் படமாவது எடுத்துக்கொள்கிறேன் என்று ஸ்ரீராம்குமார் செல்போனை எடுத்தார். யோகேஸ்வரி மறுக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாக விரித்துக் காட்டினார். அந்தப் பக்கம் வந்தது. கந்தகனின் வாய்க்கு நேரே, வசனம் மொத்தமும் மறையும்படி கட்டைவிரலை அழுத்தி வைத்தார். வெடிமருந்தில் கலக்கிற, எந்தச் சோப்புக்கும் போகாத அலுமினியத் தூள் ஏறிய விரல்.

“அக்கா, விரலக் கொஞ்சம் நகத்துனீகன்னா...”

“இப்பிடியே எடுங்க, தம்பி,” என்று இன்னும் அழுத்தினார்.