நல்லையா கட்டிய விமானம்

ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரர்கள் மலாக்காவை விட்டு ஓடிய வாரத்தில், அவர்கள் விட்டுப்போன கிடங்குகளுக்குள் ஊரே புகுந்தது. ஒருவன் சீனி மூட்டையோடு வந்தான். ஒருவன் தையல் மிஷினோடு வந்தான். காஜா பெராங்கில் முடிவெட்டும் கடை வைத்திருந்த நல்லையா, பிஸ்கட் என்று நம்பி ஓர் அட்டைப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். அவன் மனைவி அஞ்சலை அதைத் திறந்தாள். பஞ்சு போல லேசான பால்சா மரக் குச்சிகள், மெல்லிய காகிதம், காய்ந்துபோன பசைக் குழாய், ரப்பர் நாடா, ஒரு சிறிய விசிறி, ஓர் ஈயத்துண்டு, வரைபடம். மூடியில் ஏரோப்பிளேன் படம்: வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒட்டிக் கட்டிப் பறக்கவிடும் பொம்மை விமானம்.

"பசிச்சா குச்சியக் கடிச்சிக்கலாம்" என்றாள் அஞ்சலை.

அந்தக் குச்சிகளில் சிலவற்றை வைத்து அடுப்பு மூட்டிப் பார்த்தாள். உலை சூடாவதற்குள் எரிந்து தீர்ந்தன. அதனால்தான் மீதி தப்பியது. பெட்டி கடைக்கு வந்து, துண்டு மடித்து வைக்கப் பயன்பட்டது.

அடுத்த வருஷம், ஜப்பான்காரர்கள் சயாம் காட்டில் போட்ட ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ஆள் அனுப்பும் பொறுப்பு ராஜரத்தினத்திடம் இருந்தது. முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், இப்போது ஜப்பான்காரன் தயவில் வட்டாரத் தலைவர். முதலாளி மாறினாலும் அவர் குடையை மாற்றவில்லை.

"முடி நீ இல்லாட்டியும் வளரும் நல்லையா" என்றார். "அடுத்த ரயிலுக்குத் தயாரா இரு."

மறுநாள் சவரத்துக்கு வந்த ஜப்பான்கார சார்ஜண்ட் மொரிட்டா அந்தப் பெட்டி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி சார்ஜண்டின் தொண்டையில் இருந்தது. பயந்தது நல்லையா. ஏதாவது பேச வேண்டுமே என்று, இந்த மாதிரி விமானமெல்லாம் தான் கட்டுவதுண்டு என்று மலாயில் அளந்துவிட்டான். சார்ஜண்ட் எழுந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் அவரும் இப்படிக் கட்டியவராம். ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளன்று திடலில் மேஜர் முன்னால் நல்லையாவின் விமானம் பறக்க வேண்டும், அதுவரை இந்த ஆளை யாரும் தொடக்கூடாது என்று ராஜரத்தினத்துக்கு உத்தரவு போனது.

பறக்காவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பறக்காவிட்டால் சயாம்தான்.

நல்லையா சவரக் கத்தியால் துண்டுகளை வெட்டினான். முடிவெட்டும் பழக்கத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் கூடவே வெட்டினான். குச்சி திரும்ப வளரவில்லை. குறைந்ததைக் கூரை வேயும் அத்தாப்பு ஓலையின் மட்டைக்குள் இருக்கும் லேசான சோற்றால் ஈடுகட்டினான். பசைக்கு மரவள்ளிக் கஞ்சி. அதைக் கரப்பான்கள் விரும்பின. ஒரு பக்கத்து இறக்கையின் விலாக் குச்சிகளைப் பசையோடு தின்று தீர்த்தன. ரப்பருக்கு மட்டும் பஞ்சமில்லை. பெட்டியில் கிடந்த சிறு ஈயத்துண்டு எதற்கென்று புரியாமல் தன் தூண்டிலில் கட்டிக்கொண்டான்.

அது விமானத்தின் மூக்கில் இருக்க வேண்டிய கனம். அது இல்லாமல், விசிறியைச் சுழற்றும் ரப்பரை முறுக்கி விட்டபோதெல்லாம் விமானம் தலையைத் தூக்கி, வாலைத் தரையில் குத்தி உட்கார்ந்தது.

"பூசை போடாத வண்டி எப்படி ஓடும்?" என்றாள் அஞ்சலை. சந்தனத்தைக் குழைத்து மூக்கில் உருண்டையாக அப்பி, குங்குமம் வைத்து, பிள்ளையாரைக் கும்பிட்டு விடச் சொன்னாள். விமானம் தென்னை மரத்தைச் சுற்றிக்கொண்டு பறந்தது. நல்லையா தன் கைத்திறமையை மெச்சினான். அஞ்சலை பிள்ளையாரை மெச்சினாள். சந்தனத்தின் கனத்தை இருவரும் நினைக்கவில்லை.

பிறந்தநாளன்று காலையில் அதேபோல் அப்பிக்கொண்டு போனார்கள். திடலில் மேஜர் பேசினார். பிறகு இன்னொருவர் பேசினார். வெயில் ஏறியது. எல்லாரும் சக்கரவர்த்தி இருக்கும் டோக்கியோ திசையைப் பார்த்துக் குனிந்தபோது, காய்ந்து வெடித்த சந்தனம் முழுதாகக் கழன்று நல்லையாவின் காலடியில் விழுந்தது. எடுத்து ஒட்ட வழியில்லை. எல்லாரும் அசையாமல் குனிந்திருந்தார்கள். எச்சில் தொட்டு ஒட்டலாமா என்று யோசிப்பதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விமானம் நேராக மேலே போனது. கூட்டம் ஆவென்று பார்த்தது. விமானம் அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு பின்பக்கமாகவே இறங்கி, மேஜரின் பூட்ஸுக்குப் பக்கத்தில் நொறுங்கியது.

சார்ஜண்ட் நல்லையாவின் இரண்டு கன்னத்திலும் அறைந்தார். பிறகு மண்டியிட்டு, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தன் தொப்பியில் பொறுக்கிப் போட்டார். தொப்பியோடு நல்லையாவிடம் நீட்டி, சரிசெய் என்றார். சரியாகும்வரை இவன் எங்கும் போகக்கூடாது என்று ராஜரத்தினத்திடம் சொன்னார்.

கன்னம் வீங்கியதில் நல்லையாவுக்கு விஷயம் உறைக்கவில்லை. விமானம் சரியாகாதவரை சயாம் இல்லை என்று அஞ்சலைக்கு அங்கேயே உறைத்துவிட்டது.

அன்றிலிருந்து ராஜரத்தினம் அடிக்கடி கடைக்கு வந்து எட்டிப்பார்த்தார். அஞ்சலை சொல்லிக்கொடுத்தபடி நல்லையா ஏதாவது ஒரு பாகத்தைக் காட்டிக் குறை சொல்வான். அவர் வேறு ஆள் தேடிப் போவார். அப்படிப் பிடிபட்டுச் சயாமுக்குப் போனவர்களில் அவன் வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள். சிலருக்குக் கடைசியாக முடிவெட்டியது அவன்தான், கூலி வாங்கவில்லை.

ஆனால் இத்தனை மாதம் ஒட்டிக்கொண்டிருந்தால் எவனுக்கும் கை படிந்துவிடும். அவனுக்கும் படிந்தது. இறக்கைகள் நேராக வந்தன. காகிதம் சுருக்கமில்லாமல் விறைத்தது. எதையும் ஒழுங்காகச் செய்து பழகாதவன், ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்ட ருசியில் ஊரை மறந்தான், சயாமையும் மறந்தான். ஒருநாள் விமானத்தை முழுசாகச் செய்து முடித்துக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாரு. ஒரு குறை சொல்லு பாப்போம்."

அஞ்சலை சுற்றி வந்து பார்த்தாள். குறை இல்லை. தெருக்கோடியில் ராஜரத்தினத்தின் குடை தெரிந்தது. அவள் விமானத்தைப் பதமாக இரண்டு கையாலும் எடுத்து, வாடிக்கைக்காரர் நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

ராஜரத்தினம் உள்ளே வந்து வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். நல்லையா நாற்காலியையே பார்த்தான். கண் கலங்கி இருந்தது.

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும் கிராணியாரே" என்றாள் அஞ்சலை, எழுந்திருக்காமல்.