அழிக்க வேண்டாம் என்று எழுதியவர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் பக்கம் பிரித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ஜமால் பாயின் தம்பி பேசினார். "அக்கா, அண்ணன் மௌத்தாயிட்டாரு. மீஞ்சூர் ஸ்டேஷன்ல ரயிலை விட்டு எறங்கி பெஞ்சுல உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம். சாயந்திரம் அடக்கம்" என்றார். எனக்கு முதலில் வந்தது பயம்தான். அழுகை அதற்குப் பிறகு, அவர் சொந்த ஊரான பழவேற்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் வந்தது.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத்தில் கேமரா பிடிக்கிறவர்கள். பாயை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் நல்லதாக நாலு வார்த்தை பேசினீர்கள். கூட்டம் முடிந்து வெளியே டீ குடிக்கும்போது, "எல்லாம் சரி, அந்த கேஸ்ல மட்டும் மனுஷன் கம்பெனிக்கு வெலபோயிட்டாரே" என்று ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நானும் டீ கிளாஸோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பஜார் தெரு ஸ்டூடியோவில் அவர் படம் எடுப்பவர், நான் கணினியில் திருத்துபவள். ஆறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அவர் வீட்டில் எல்லாருக்கும் துணி வியாபாரம். கடையில் உட்கார்ந்து மீட்டர் கிழிக்கப் பிடிக்காமல் கேமராவைத் தூக்கியவர். எனக்குச் சிப்காட் பக்கத்துக் காலனி. என் அப்பா இரும்புக் கம்பெனியில் இரண்டு விரலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். பாய்க்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஆனாலும் நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளும்போது அந்தப் பத்து வயது காணாமல் போய்விடும்.

சண்டை பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். டிஜிட்டல் கேமரா எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்த புதிது. அதில் படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கேமரா கண்ட அத்தனையையும் அப்படியே வைத்திருக்கும் கோப்புக்கு ரா என்று பெயர். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிந்துவிட்டு, கேமராவே சுருக்கிக் கொடுப்பது ஜேபெக். ரா கோப்பு மூன்று பங்கு இடம் பிடிக்கும். எங்கள் பழைய கணினியில் ஒன்றைத் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பாய் எல்லாவற்றையும் இரண்டிலும் எடுப்பார். "ஜேபெக்ல கேமரா முடிவு பண்ணிடுதும்மா, எது வேணும் எது வேணாம்னு. அது யாரு முடிவு பண்றதுக்கு?" என்பார். "உங்க கல்யாணத்தையும் ராலதான் எடுத்தாங்களா பாய்?" என்று ஒருமுறை கேலி செய்தேன். "எங்க கல்யாணத்துல ஃபோட்டோவே எடுக்கலம்மா. அத்தா வேணாம்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கேலியை நான் செய்யவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. கவரைப்பேட்டையில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மஞ்சள் பல்பும் டியூப்லைட்டும் கலந்து எரிந்ததில் பெண்ணின் முகம் முழுக்கக் காமாலை வந்ததுபோல் இருந்தது. ஜேபெக்கில் எவ்வளவு முயன்றும் தேறவில்லை. ராவைத் திறந்து நிறத்தை மாற்றினதும் பெண் பெண்ணாக வந்தாள். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். நன்றியை வாங்கிக்கொண்டேன். மறுநாளே "இடம் இல்லை பாய், ராவை விடுங்க" என்று பழையபடி ஆரம்பித்துவிட்டேன். முதலாளியும் என் பக்கம்தான். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஜேபெக்கை சிடியில் போட்டு வைப்பது, ராவை ஒரு மாதம் கணினியில் வைத்திருந்துவிட்டு அழிப்பது.

பாய்க்கு அந்த ஒரு மாதத்திலும் நம்பிக்கை இல்லை. கேமராவின் மெமரி கார்டை என்னிடம் தரும்போது பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு வைப்பார். சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கும். கல்யாணத்துக்கும் அதே சீட்டு, காதுகுத்துக்கும் அதே சீட்டு. ரேஷன் கார்டுக்கு எடுத்த குடும்பப் படத்துக்குக்கூட எழுதியிருந்தார். முதலில் சிரித்தேன். பிறகு படிப்பதையே விட்டுவிட்டேன்.

தை மாதம், முகூர்த்த நாட்கள் நெருக்கிக்கொண்டு வந்த சமயம். சிப்காட்டில் ஓர் உருக்காலையில் ஏழுமலை என்கிற ஒப்பந்தத் தொழிலாளி குழியில் விழுந்து இறந்துபோனார். இன்சூரன்ஸுக்குப் படம் வேண்டும் என்று கம்பெனியிலிருந்து காலையிலேயே ஆள் வந்தது. இந்த மாதிரி வேலைக்கு எப்போதும் பாய்தான் போவார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் கரி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. "மேல ஜன்னல்ல வெயிலு, கீழ கும்மிருட்டு. ஃபிளாஷ் போடக்கூடாதுன்னுட்டான் அந்த ஆபீசரு. ஜேபெக்ல குழி கறுப்பாதான் வரும். ரால இருக்கும், பாத்துக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குழிய சுத்தி ஒரு கம்பிகூட இல்லம்மா" என்றார். நான் திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவை அழித்துக்கொண்டே "ஊம்" கொட்டினேன். கார்டு உறையில் வழக்கமான சீட்டு இருந்தது.

மூன்று நாள் கழித்துக் கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. இரண்டு கல்யாணக் கார்டுகள் காத்திருந்தன, முதலாளி பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். பாய் அன்று வேலையாக மீஞ்சூர் போயிருந்தார். எது பெரிதாக இருக்கிறது என்று பார்த்தேன். உருக்காலை ரா கோப்புகள் இருந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கம்பெனிக்கு ஜேபெக் கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் என்ற ஏற்பாடு நினைவில் இருந்தது. சீட்டும் எதிரில்தான் இருந்தது.

அந்த ஒரு மாதம் முடிவதற்குள், மாசியில், ஏழுமலையின் மனைவி கஸ்தூரி, தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரோடு ஸ்டூடியோ படியேறி வந்தாள். குழியைச் சுற்றித் தடுப்புக் கம்பி இருந்ததாகவும், குடித்துவிட்டு வந்த ஏழுமலை அதைத் தாண்டிக் குதித்ததாகவும் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. இப்போது அங்கே பளபளவென்று புதுக் கம்பி நிற்கிறதாம். உள்ளே வேலை பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, மறுநாளும் அதே கேட்டுக்குள் போக வேண்டியவர்கள். "எங்க ஊட்டுக்காரரு குடிக்கவே மாட்டாரும்மா. என் புள்ளைங்க நாளைக்கு இன்னான்னு நெனைக்கும் அவங்கப்பன? அன்னிக்கு எடுத்த படத்துல கம்பி இல்லன்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

சிடியைப் போட்டு ஜேபெக்கைத் திறந்தேன். மேலே ஜன்னல், நடுவில் இயந்திரம், கீழே வெறும் கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினேன். கறுப்பு சாம்பலாகியது, சாம்பலில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. கம்பி தெரியவில்லை, கம்பி இல்லாததும் தெரியவில்லை. கஸ்தூரி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போடும்மா" என்றாள். போட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். மறுபடியும் போட்டேன். படம் முழுக்க வெளுத்துப்போகிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் வேலையில் அந்தப் பொத்தானைத் தொடும்போது அவள் குரல் கேட்கிறது.

அவர்கள் போனபிறகு பாய், "ரா எங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். கேமராவில் போட்ட கார்டிலும் அதற்குள் நாலு கல்யாணம் ஏறிவிட்டிருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சீட்டுல எழுதியிருந்தேனேம்மா" என்றார்.

"எல்லாத்துலயும்தான் எழுதறீங்க பாய்" என்று நான் எரிந்து விழுந்தேன். தப்புச் செய்தவளுக்கு வருகிற கோபம்.

எதிரில் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஆமா. எல்லாத்துலயும் எழுதியிருக்கக் கூடாது" என்றார்.

திருவள்ளூர் கோர்ட்டில் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நானும் வரவேண்டும் என்று சங்கத்துக்காரர் சொன்னார். பாய் தடுத்துவிட்டார். "ஒனக்கு ஊட்ல கல்யாணம் பேசிக்கினு இருக்காங்க. கோர்ட்டு வாசல்ல நின்ன பொண்ணுன்னு பேரு வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றார். நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "பரவாயில்ல பாய், வரேன்" என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று நடந்ததைச் சங்கத்துக்காரர் வந்து சொன்னார். கம்பி இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று பாய் சொல்லியிருக்கிறார். உங்கள் படத்திலேயே தெரியவில்லையே, அசல் கோப்பு எங்கே என்று கம்பெனி வக்கீல் கேட்டிருக்கிறார். "நான்தான் அழிச்சேன்" என்றாராம் பாய். ஏன் அழித்தீர்கள் என்று மூன்று முறை கேட்டும் வேறு பதில் சொல்லவில்லையாம். வேறு சாட்சி இல்லாததால் ஏழுமலையின் கவனக்குறைவே காரணம் என்று முடிந்துபோயிற்று. கோர்ட் வளாகத்திலேயே கஸ்தூரி மண்ணை வாரி பாய் மேல் தூற்றினாளாம்.

அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை, கோர்ட்டில் கம்பி இல்லை என்று சொன்னதற்காக. நம்மவர்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை, அழித்தேன் என்று சொன்னதற்காக. இரண்டு பக்கமும் அடி வாங்கியவர் ஸ்டூடியோவை விட்டு மீஞ்சூரில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போனார். என் கல்யாணத்துக்கு வந்து, கேட்காமலே முன்வரிசையில் நின்று படம் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் ராவில். அந்த சிடி உறையில் சீட்டு இல்லை. அதன்பின் அவர் யாருக்கும் அப்படிச் சீட்டு வைக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நேற்று மத்தியானம் கஸ்தூரியின் வீட்டுக்குப் போனேன். கம்பெனி காண்ட்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். படத்தை அழித்தது நான், பாய் இல்லை என்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். புடவைத் தலைப்பில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்தபிறகும் துடைத்தாள். பிறகு, "அந்த பாய ரயில்ல பாக்கசொல்லோ எல்லாம் காறித் துப்புவேன். தொடச்சிக்கினு போவாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இத்த ஏம்மா அவரு உசுரோட இருக்கசொல்லோ நீ வந்து சொல்லல?" என்று கேட்டாள்.

எழுந்து வந்தேன். பாய் தினமும் ஏறி இறங்கிய அதே ரயிலில், அவர் துடைத்துக்கொண்டு போன அந்த வழியிலேயே வீடு திரும்பினேன்.

அவர் நினைவாக என்னிடம் உருக்காலைக் கார்டின் சீட்டு ஒன்று இருக்கிறது, சிவப்பு மை வெளிறிவிட்டது. அதைவிட மேலாக, கோர்ட்டில் அவர் சொன்ன இரண்டு வார்த்தை இருக்கிறது. எனக்குப் பதிலாக இத்தனை காலம் அவர் வைத்திருந்தார். டீக்கடையில் தலையாட்டியவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், அவற்றை இப்போது நான் வாங்கிக்கொள்கிறேன்.

நான்தான் அழித்தேன்.