கடலை எறிந்து பார்த்தவர்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் நான்கு கட்டடங்களுக்கும் நெட் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. ரிசப்ஷனில் ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து கட்டடத்துக்கு ஒரு கேபிள் என்று ஸ்டார் முறையில் அழகாகப் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன்.

கேபிள் இழுக்க வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, முட்டிவரை மடித்துவிட்ட பேண்ட், பை நிறைய வறுத்த கடலை. என் படத்தை அவர் பார்க்கவே இல்லை. மொட்டைமாடியில் நின்று கடலையை எறிந்து, குரங்குகள் எந்த வழியாக இறங்கி வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ல ஒரு வயர குரங்கு கடிச்சா அந்தக் கட்டடமே படுத்துரும் சார். ரிங்கா சுத்தி இழுப்போம். ஒரு பக்கம் அந்துபோனாலும் மறுபக்கமா வந்துரும்லா."

"ரெண்டு இடத்துல கடிச்சா?" மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

"அப்ப நடுவுல மாட்டுன கட்டடம் போயிரும். அதான் குரங்கு வராத பக்கம் எதுன்னு பாக்கேன்."

லாட்ஜ் முதலாளி என் படத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "அவரு சொல்லுத மாதிரியே செஞ்சிருவோம்."

அந்த சீசனில் குரங்குகள் ஒரு கேபிளைப் பிய்த்துப் போட்டன. எந்தக் கட்டடத்திலும் நெட் போகவில்லை. ஒன்றிலாவது போக வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இப்போது எங்கே வேலைக்குப் போனாலும் என் பையிலும் கடலை இருக்கிறது. கேட்பவர்களிடம், அது என் யோசனை என்றுதான் சொல்கிறேன்.