இரண்டாவது இறுக்கு

மாப்பிள்ளை குதிரையில்தான் வரவேண்டும் என்று என் மாமனார் முடிவெடுத்தபோது என்னையும் யாரும் கேட்கவில்லை, குதிரையையும் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஏதோ இந்திப் படத்தில் பார்த்திருக்கிறார். நான் "சரி மாமா" என்றேன். நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த தமிழே அந்த இரண்டு வார்த்தைதான்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் முடியாது என்று சொல்வதாக, எனக்கு மனைவியாக வரப்போகிறவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பினாங்கில், மார்க்கெட் ஸ்திரீட்டில் மாமனாருக்குத் துணிக்கடை, மாடியில் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அந்த மாடியில் குடியிருக்க, நான் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் திட்டம். நாங்களோ அங்கிருந்து தள்ளி, சுங்கை பினாங்கில் ஒரு பிளாட் பார்த்து வைத்திருந்தோம். "தாலி கட்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் நம்மள விடமாட்டாரு" என்று அவள் மூன்று முறை சொல்லிவிட்டாள். கல்யாணக் காலையும் வந்துவிட்டது. நான் சொல்லியிருக்கவில்லை.

கடற்கரையில் சவாரி விடும் இடத்திலிருந்து குதிரை லாரியில் வந்து, குயின் ஸ்திரீட் முனையில் இறங்கியது. குதிரையைப் பிடித்து நடத்தக் கூட வந்தவள் என் வயதுப் பெண். முதலில் என் காலைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, இந்தச் செருப்புல குதிகால் இல்ல. கால் சேணத்து வளையத்துக்குள்ள போய் மாட்டிக்கும். குதிரை மிரண்டா உங்கள இழுத்துக்கிட்டே ஓடும்லா."

லாரியிலிருந்து பழைய பூட்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிறகு தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டை மாட்டச் சொன்னாள். மாமனார் பாய்ந்து வந்தார். "கல்யாண மாப்பிள்ளைமா! மோட்டர் ஓட்டவா போறாரு?"

"முடியாது அங்கிள். ஹெல்மெட் இல்லாட்டி குதிரை நகராது."

அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மாமனார் முணுமுணுத்துக்கொண்டே ஹெல்மெட்டின் மேல் தலைப்பாகையைச் சுற்ற ஆள் தேடினார். ஆறு மாதமாக நான் மென்று முழுங்கிய வார்த்தையை அவள் மூச்சுவிடுவதுபோலச் சொல்லிவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஊர்வலத்துக்கு வந்திருந்த உறுமி மேளக்காரர்களைத் தூரத்தில் மெதுவாக அடிக்கவிட்டு, குதிரையின் காது பழகும்வரை காத்திருந்தாள். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கினாள். நான் ஏறப் போனதும் தடுத்தாள். குதிரையைப் பத்தடி நடத்திக் கொண்டுவந்து மறுபடி இறுக்கினாள். வார் இன்னும் இரண்டு துளை உள்ளே போயிற்று.

"மொதத் தடவ குதிரை மூச்சப் புடிச்சி வயித்த உப்பிக்கும். அத நம்பி ஏறுனா நடுரோட்டுல சேணத்தோட கவுந்துடுவீங்க. மொத இறுக்கு கணக்குல வராதுண்ணே."

ஏறி உட்கார்ந்தேன். மாமனார் பக்கத்தில் வந்து என் சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டார். இனி இறங்கினால் மணவறைதான். குனிந்து, "மாமா, நாங்க மாடியில இருக்கப்போறதில்ல. சுங்கை பினாங்குல வீடு பாத்துட்டோம்" என்றேன்.

சொல்லியே விட்டேன். அந்த நேரம் பார்த்துத்தானா உறுமி முழுவேகத்தில் அதிர வேண்டும்? மாமனார் சிரித்துத் தலையாட்டி, என் முழங்காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு முன்னால் போனார். அவர் காதில் ஒரு சொல்கூட விழவில்லை.

கடிவாளத்தைப் பிடித்திருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தாள். "அவருக்குக் கேக்கலண்ணே. இறங்குனதும் மறுபடி சொல்லிடுங்க."

"சரி" என்றேன்.

அந்த மாடியிலேயே குடியிருந்து, மறுபடி சொல்ல எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று. ஒரு மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். மாமனார் கணக்கு நோட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போறதுன்னா போங்க, யாரு வேணாம்னா?" என்றார். படியெல்லாம் தாவித் தாவி மாடிக்கு ஓடினேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். "அந்த வீட்டப் பத்தி."

அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எந்த வீடு?" என்று கேட்டாள்.