மேரி சொல்லாமல் விட்ட அளவு

ஓசூரை ஒட்டிய ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் அற்புதமேரி பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். டிப்ளமா மெக்கானிக்கல் படித்தவர். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தார். கணவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஒரு வெல்டிங்கைப் பார்த்தால் அது எந்த மாணவன் வைத்தது என்று சொல்லிவிடுவார்.

போன ஜூனில் சுப்ரியா விரிவுரையாளராக வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, எம்.இ. முதல் நாளே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "மேரி அக்கா, உங்களப் பத்தி பசங்க நெறைய சொன்னாங்க" என்று சிரித்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் மேரி. தன் மகளைவிட நாலு வயதே மூத்தவளை மேடம் என்று கூப்பிடுவது நாக்கில் கசந்தது.

அடுத்த மாதம் சுப்ரியா ஒரு திட்டத்தோடு வந்தாள். தளிக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமம். முட்டைக்கோஸ் மூட்டைகளைச் சரிவான தோட்டத்திலிருந்து ரோட்டில் நிற்கும் டெம்போ வரை தலையில்தான் சுமக்கிறார்கள். மாணவர்களை வைத்து அவர்களுக்கு ஒரு இழுவண்டி செய்து கொடுக்க வேண்டும்.

மேரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இதே யோசனையை ஏழு வருஷத்துக்கு முன்பு அவர் துறைத்தலைவரிடம் சொல்லியிருந்தார். "பார்க்கலாம்மா" என்றவர் அதோடு மறந்துபோனார். சுப்ரியா கேட்டதும் ஒரே வாரத்தில் அனுமதி, இரும்பு, கல்லூரிப் பேருந்து எல்லாம் வந்துவிட்டன.

கிராமத்துக்குப் போன அன்று இன்னும் மோசம். சுப்ரியாவின் அம்மா வழி பெங்களூர்ப் பக்கம். இறங்கியதும் ஊர்க்காரர்கள் பேசும் கன்னடத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். திம்மராயன் என்ற விவசாயி தன் தோட்டத்திலேயே வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நாலு வார்த்தைக்கு மேல் கன்னடம் வராத மேரி, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

வண்டிச் சட்டத்துக்கு வெல்டிங் வைக்கும்போதுதான் மேரி அதைக் கண்டுகொண்டார். வரைபடத்தில் சக்கரத்தின் அச்சு சட்டத்துக்குச் சரியாக நடுவில் இருந்தது. சமதரையில் குறையே தெரியாது. மேட்டில் இழுத்தால் வண்டி பின்னால் சாயும், பாரம் முழுவதும் அச்சுக்குப் பின்னால் போய்விடும், கைப்பிடி மேலே எகிறும். அச்சை ஒரு சாண் பின்னால் தள்ளினால் போதும்.

சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் உள்ளே வந்து, "வெரி குட் சுப்ரியா, நியூஸ் பேப்பர்காரங்கள வரச் சொல்லிருக்கேன்" என்றார். மேரி வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு வரைபடத்தில் இருந்தபடியே அச்சைப் பற்றவைத்தார்.

ஒர்க்‌ஷாப் தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. மாணவர்கள் கைதட்டினார்கள்.

கிராமத்தில் சோதனை நடந்த காலை, திம்மராயன் ஆறு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் இழுத்தார். பாதி தூரம் நன்றாகத்தான் ஏறியது. சரிவு கூடிய இடத்தில் கைப்பிடி விருட்டென்று எழும்பி அவர் தாடையில் அடித்தது. வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து கோஸ் எல்லாம் உருண்டது.

அந்த நொடியில் மேரிக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அடுத்த நொடியில் திம்மராயன் வாயைப் பொத்தியிருந்த விரல்களுக்கிடையே ரத்தம் வழிவதைப் பார்த்தார்.

தாடையில் ஐந்து தையல். ஒரு பல் போயிற்று. சுப்ரியா ஆஸ்பத்திரியிலேயே பிரின்சிபாலிடம், "டிசைன் என்னுது சார், தப்பும் என்னுதுதான்" என்றாள். திட்டம் நிறுத்தப்பட்டது. ஒர்க்‌ஷாப்பின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

இரண்டு நாள் மேரியால் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் ஆய்வகத்தில் தனியாக இருந்த சுப்ரியாவிடம் போய் நின்றார்.

"மேடம், அச்சு தப்பா இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"இப்பதான் எல்லாருக்கும் தெரியுமே அக்கா."

"இல்ல. வெல்டிங் வச்ச அன்னைக்கே தெரியும்."

சுப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்களப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது" என்றார் மேரி. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "நான் கேட்டப்ப கண்டுக்காதவங்க, நீங்க கேட்டதும் குடுத்தாங்க. நீங்க ஒரு தடவையாவது தோக்கணும்னு நெனச்சேன். அந்த மனுசனுக்கு அடிபடும்னு நெனக்கல."

"எம்மேல கோவம்னா என்னத் திட்டியிருக்கலாம்ல? அவரு என்ன பண்ணாரு?" சுப்ரியா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பத்து நாள் அவள் ஒர்க்‌ஷாப் பக்கமே வரவில்லை. பிரின்சிபாலிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும் என்று மேரிக்குத் தோன்றியது. கடைசியில் தானே போய் அவரிடம் சொன்னார். ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. திட்டத்தை மறுபடி தொடங்கவும் மேரியே கேட்டு அனுமதி வாங்கினார்.

மறுநாள் சுப்ரியா வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். "எங்க வெக்கணும்னு கோடு போட்டுக் குடுங்க." அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை.

மேரி கோடு போட்டார். மூட்டை வைக்கும் தட்டையும் தாழ்த்தினார். மேட்டில் கை தவறினாலும் வண்டி நிற்க ஒரு முட்டுக்கட்டை சேர்த்தார். கிராமத்துக்குக் கொண்டுபோனபோது ஆறு மூட்டைகளை ஏற்றி, முதலில் அவரே இழுத்தார். மூச்சிரைக்க ரோடு வரை ஏறி நின்றார். திம்மராயன் நெடுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். இந்த முறை கைப்பிடி எழும்பவில்லை.

அவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாரு?" என்று மேரி கேட்டார்.

"ஒரு பல்லுக்கு ஒரு வண்டி பத்தாதாம். இன்னும் ரெண்டு வேணுமாம்" என்றாள் சுப்ரியா. அவளும் லேசாகச் சிரித்தாள்.

இப்போது அந்த ஊரில் நாலு வண்டிகள் ஓடுகின்றன. கிருஷ்ணகிரியில் நடந்த கண்காட்சியில் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் சுப்ரியாவின் படம் மட்டும் வந்தது. மேரி அதைப் பார்த்தார்; வயிறு எரியத்தான் செய்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஐந்தாவது வண்டிக்குக் குழாய் வெட்டப் போனார்.